மஞ்சள் மாத்திரையும் மலைக்கோயில் படிகளும்

மக்கா,

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு அவசரம் போய்விட்டது, வெட்கம்தான் மிச்சமிருக்கிறது. போனிலேயே சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை நினைத்திருந்தேன். நீ வழக்கம்போல "முட்டி வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டாய். நானும் வழக்கம்போல "நல்லா கொறஞ்சிருக்கு மக்கா" என்று சொன்னேன். உடனே நீ போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த யாரிடமோ, "பாத்தியா, எங்கம்மாவுக்கு மருந்து கேட்டுட்டு" என்றாய். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இதற்கு முன் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அது உன் தாத்தாவின் குரல். போனை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தேன். மனம் கலங்கியதால் மட்டும் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. உன் அப்பா வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ செய்து தந்த மஞ்சள் மாத்திரை எனக்குக் கேட்கவில்லை. நீ சொன்னபடியேதான் போட்டேன், ஒரு வேளைகூடத் தவறவில்லை. வலி முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. இன்னும் சொன்னால், சில நாட்களாகக் கூடியிருக்கிறது. குறைந்துவிட்டது என்று நான் இத்தனை நாளும் சொன்னது பொய். அந்தப் பொய்யை நம்பித்தான் கல்யாணத்தை மலைக்கோயிலில் வைத்திருக்கிறாய். "எங்கம்மா ஒரே மூச்சுல ஏறிருவா" என்று உன் மாமனார் வீட்டில் நீ சொன்னதை நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணே எனக்குப் போன் செய்து சொன்னாள். பாவம், அவளுக்கும் ஒரே சந்தோஷம். இப்போது நீ வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக அந்த மாத்திரையைத் தயாரிக்கப்போகிறேன் என்கிறாய். யார் கேட்டாலும் முதல் சாட்சியாக என்னைச் சொல்கிறாய். ஏன் இப்படிச் செய்தேன் என்று உனக்கு விளங்க வேண்டுமானால், நான் பிளஸ் ஒன் படித்த காலத்துக்கு உன்னைக் கூட்டிப்போக வேண்டும். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அப்போது நாங்கள் பாளையங்கோட்டையில் குடியிருந்தோம்.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். தெருவில் எல்லாருக்கும் அவர் கம்பவுண்டர் அண்ணாச்சி. காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த வருஷம்தான் என் அம்மாவுக்கு, அதாவது உன் ஆச்சிக்கு, முட்டியும் மணிக்கட்டும் வீங்க ஆரம்பித்தன. டாக்டர் கொடுத்த வலி மாத்திரை வயிற்றை எரித்தது, தொடர்ந்து போட முடியவில்லை. முக்கூடலில் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கைமருந்து சொல்லி அனுப்பினார்கள். மஞ்சளை மிளகோடு சேர்த்து அரைத்து, கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி உருட்டி, காலையில் ஓர் உருண்டை விழுங்க வேண்டும். அம்மா அதை வாயில் போட்டதும் குமட்டுவாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிவிட்டு, கொல்லையில் போய் வேப்பமரத்தைப் பிடித்தபடி நிற்பாள். பாதி நாள் வெளியே வந்துவிடும்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. கசப்புத் தூள்களை அடைத்துக் கொடுப்பதற்காக டாக்டரிடம் வெற்றுக் கேப்சூல் டப்பா உண்டு. அவரிடம் கேட்டு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சளைக் காயவைத்து இடித்து, மல்துணியில் சலித்து, தூளை மட்டும் கேப்சூலில் அடைத்தால் எண்ணெய் வாடை இல்லை, காரம் இல்லை, குமட்டல் இல்லை. மிளகு ஏற்கெனவே எரிகிற வயிற்றை இன்னும் எரிக்கும் என்று அதை எடுத்துவிட்டார். எண்ணெய் கேப்சூலை இளக்கிவிடும் என்று அதையும் விட்டுவிட்டார். கருப்பட்டி என்னத்துக்கு, அது ருசிக்குத்தானே என்றார். அசலான மருந்து மஞ்சள்தான், மற்றதெல்லாம் அதை விழுங்கவைக்கிற சாமான் என்பது அவருடைய கணக்கு. படித்த பிள்ளை என்று என்னிடமும் கேட்டார். "சரிதானப்பா" என்றேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தரையில் செய்தித்தாளை விரித்து நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து அடைப்போம். நான் விரிந்திருக்கும் தாளில் செய்தி படித்துக்கொண்டே அடைப்பேன். அப்பா எதையும் பார்க்க மாட்டார். ஒரு பாதியில் தூளை நிரப்பி, விரல் நுனியால் அமுக்கி, மூடியைச் சொருகி, காதருகே கொண்டுபோய் ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வரக் கூடாது. வந்தால் இன்னும் கொஞ்சம் தூள். அந்த நேரத்தில் அவர் முகம் பரீட்சை எழுதுகிற பிள்ளையின் முகம் மாதிரி இருக்கும்.

அம்மா குமட்டாமல் விழுங்கினாள். சில நாளிலேயே "வலி கொறஞ்சிருக்கு" என்றாள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தெருவில் மூட்டு வலி என்று யார் சொன்னாலும் பொட்டலத்தில் கொஞ்சம் கேப்சூல் மடித்துக் கொடுத்தார். "எங்க வீட்லயே போடுதா. அவளுக்குக் கேட்டுட்டுல்லா!" என்பார். ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் கேட்டது அந்தக் குரலைத்தான்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, உனக்கும் அது வந்திருக்கிறது. படித்ததைச் செய்து பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு நாள் கீழே சிந்திய தூளை வீணாக்க வேண்டாம் என்று தண்ணீர் டம்ளரில் போட்டேன். கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. அதையே சூடான நல்லெண்ணெயில் போட்டபோது எண்ணெய் முழுவதும் மஞ்சளாகிவிட்டது. தண்ணீரில் கரையாதது வயிற்றில் மட்டும் எப்படிக் கரையும் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வேதியியல் டீச்சரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி, ஆனா பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டார். நூலகத்தில் தேடினேன், என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் புத்தகம் கிடைக்கவில்லை. அப்போதுதான் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவந்துவிடும் அல்லவா? மஞ்சள் எங்கே இருந்தாலும் சுண்ணாம்பு காட்டிக்கொடுத்துவிடும். அப்படியானால் உள்ளே போன மஞ்சள் உள்ளேயே சேர்ந்துவிட்டதா, வந்த வழியே போய்விட்டதா என்று கண்டுபிடிக்கச் சுண்ணாம்பு போதும்.

இதற்கு மேல் எழுத எனக்கு இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது. நீ ஆய்வுக்கூடத்தில் இருப்பவன், முகம் சுளிக்க மாட்டாய் என்று நம்பி எழுதுகிறேன். சாம்பாரில் இருக்கும் மஞ்சள் கணக்கைக் கெடுத்துவிடும் என்று இரண்டு நாள் தயிர்சாதம் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். "ஏட்டி, ஒனக்கென்ன கிறுக்கா? வயசுப்பிள்ள வெறுந்தயிரத் தின்னுக்கிட்டு" என்று அம்மா திட்டினாள். பிறகு அப்பாவின் கேப்சூல்களை நானே விழுங்கினேன். மறுநாள் ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் சுண்ணாம்பு டப்பாவையும் தாவணிக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு கொல்லைக் கழிப்பறைக்குப் போனேன். சிவந்தது. நன்றாகவே சிவந்தது. மஞ்சள் விழுங்காத நாளில் சிவக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். பிறகு முக்கூடல் உருண்டையையும் செய்து விழுங்கிச் சோதித்தேன். அன்றும் சிவந்தது. கொஞ்சம் குறைவாகச் சிவந்த மாதிரி நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்றுதான் எழுத வேண்டும். எண்ணெய்க்கும் மிளகுக்கும் ஏதோ வேலை இருக்கிறது என்று நம்ப நான் ஆசைப்பட்டேன், என் கண்ணும் அதற்கு ஏற்றபடி பார்த்தது.

இதைப் போய் யாரிடம் சொல்ல? எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வேன்? அதோடு அம்மாவே குறைந்திருக்கிறது என்கிறாள். அவள் உடம்பைவிடவா என் சிரட்டைக்குத் தெரியும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். தினமும் சாயங்காலம் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றுக்கும் உதவாது என்று நான் நம்பிய கேப்சூலை நானே அடைத்துக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் ஆடி மாதம் முக்கூடலுக்குப் போனோம். ஆற்றில் நல்ல தண்ணீர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீட்டார் எல்லாரையும் படித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளித்துவிட்டுக் கரையில் மரத்தடியில் சாப்பாடு என்று ஏற்பாடு. அம்மாவைப் பார்த்ததும் மாமா, "அக்கா, நீ இங்கன உக்காரு. படி பூராம் பாசி. நான் வாளியில மொண்டாந்து ஊத்துதேன்" என்றார். அப்பா விடவில்லை.

"எதுக்குலே வாளி? ஒங்கக்கா இப்பம் கடகடன்னு எறங்குவா, பாத்துக்கிட்டே இரு."

"கம்பவுண்டர் சொன்னாச் சரிதான். டாக்டருக்கே ஊசி எடுத்துக் குடுக்கவருல்லா" என்று மாமா சிரித்தார்.

"சிரிலே, சிரி. எல்லாம் நம்ம மாத்திரை. ஒங்க ஊரு எண்ண உருண்டை இல்ல."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கிப்போய் முங்கிக் குளித்தாள். அப்பா கரையில் நின்று மாமாவைத் தோளில் தட்டினார்.

எல்லாரும் குளித்து ஏறிவிட்டோம். அம்மா மட்டும் கடைசிப் படியில் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால், "தண்ணி நல்லாருக்கு, இன்னுங் கொஞ்சம் இருக்கேன்" என்றாள். இலை போட்டார்கள். அப்பா, "எந்திரி, பந்தி போட்டாச்சு" என்று சத்தம் கொடுத்தார். "நீங்க போங்க, பைய வாரேன்" என்றாள். நான்தான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டு உள்ளங்கைகளையும் படியில் ஊன்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. அவள் கைவிரல்களை அன்றுதான் வெளிச்சத்தில் சரியாகப் பார்த்தேன். முன்புபோல அவை நேராக இல்லை. "அம்மா" என்றேன். "சத்தம் போடாத ஏளா, அப்பாவுக்குத் தெரியாண்டாம்" என்றாள்.

தெரியாமல் எப்படி இருக்கும்? கடைசியில் கரையில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து, அதில் அம்மாவை உட்காரவைத்து, மாமாவும் இன்னும் சிலரும் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். அம்மா ஈரச்சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அத்தை, "என்ன மதினி, ராசாத்தி பல்லாக்குல போறாப்புலல்லா போறிய!" என்று கேலி பேசி அதைச் சிரிப்பாக மாற்றப் பார்த்தாள். அப்பா எல்லாருக்கும் பின்னால் அம்மாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையாலும் செருப்பைப் பிடித்துக்கொண்டு.

மாமா இலை முன்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "அப்பம் அந்த மாத்திரை என்ன ஆச்சு யத்தான்?" என்று கேட்டார்.

"ஈரத்துல நின்னதுனால பிடிச்சுக்கிட்டு. மத்தபடி அது கேக்கத்தான் செய்யுது" என்றார் அப்பா.

எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ. "இல்லப்பா. அது ஒடம்புல சேரவே இல்ல. உள்ள போனது அப்படியே வெளிய வந்துருது. நான் பாத்தேன்" என்றேன்.

"எதைட்டி பாத்த?"

பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் முழு விடையும் சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன். அங்கேயும் அப்படித்தான். தயிர்சாதம், சிரட்டை, சுண்ணாம்பு, எது எந்த நாளில் சிவந்தது என்று வரிசையாகச் சொன்னேன். அப்போதுதான் இலையில் மஞ்சளாகச் சாம்பார் ஊற்றியிருந்தார்கள். ஒரு பெரியவர் இலையைத் தள்ளிவிட்டு, "ஏ பிள்ளா, சோத்து முன்னால உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு பேசுத!" என்று கத்தினார். சின்னப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். மாமா சிரிப்பை அடக்க முடியாமல், "யத்தான், ஒம்ம மக நல்ல டாக்டருவே! சுண்ணாம்பு டாக்டர்!" என்றார். முக்கூடலில் இன்னும் எனக்கு அதுதான் பெயர். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சின்ன வயதில் நீ கேட்டாய். வெற்றிலை போடுவேன், அதனால் என்று சொல்லிவைத்தேன். நான் வெற்றிலை போட்டு நீ என்றைக்காவது பார்த்திருக்கிறாயா?

அப்பா இன்னும் கையிலேயே இருந்த செருப்பை அம்மாவின் காலடியில் வைத்தார். இடது வலது மாறியிருந்தது. குனிந்து சரியாக மாற்றி வைத்தார். சாப்பிடாமல் ஆற்றுப் பக்கம் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார். நான் அம்மா பக்கத்தில். அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தபடி, "அது கேக்கலன்னு எனக்குத் தெரியாதாட்டி? நான்தான முழுங்குதேன்" என்றாள்.

"பெறவு எதுக்கும்மா கொறஞ்சிருக்குன்னு சொன்ன?"

"ஒங்கப்பா இத்தன வருசமும் அடுத்தவன் எழுதிக் குடுத்த மருந்தத்தான எடுத்துக் குடுத்துக்கிட்டிருக்காரு. இது ஒண்ணுதான் அவரா செஞ்சது. அத அமுக்கி அடைக்கையில அவரு மொகத்த நீ பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன்.

அந்த வாரமே அப்பா அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மூட்டுகளைத் தின்கிற வாதம் என்றார்கள். சரியான மருந்தைத் தொடங்கினார்கள், வீக்கம் வடிந்தது, நடமாட முடிந்தது. ஆனால் விரல்கள் நிமிரவில்லை. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று அந்த டாக்டர் சொன்னபோது அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் தரையைப் பார்த்தாள். நானும்தான். வந்திருக்க வேண்டிய அந்தக் காலத்தில் நாங்கள் மூவரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். ஒருவர் சந்தோஷமாக மருந்து அடைத்தார், ஒருத்தி சிரித்துக்கொண்டே விழுங்கினாள், ஒருத்தி தெரிந்தும் கூச்சப்பட்டுக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. பிறகு வாயைத் திறந்த இடமும் சரியில்லை. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆச்சியின் விரலை நிமிர்த்தி நிமிர்த்தி விளையாடுவாய். விட்டதும் அது மடங்கும், நீ கைகொட்டிச் சிரிப்பாய், ஆச்சியும் சிரிப்பாள். நான் மட்டும் அடுப்பில் வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவேன்.

கல்லூரிக்குப் போன பிறகு நூலகத்தில் ஒரு பத்திரிகையில் படித்தேன். மஞ்சளில் இருக்கும் சாரம் தண்ணீரில் கரையாது, குடலைத் தாண்டுவதே அரிது, தாண்டிய கொஞ்சத்தையும் ஈரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகின் காரச்சத்து கூட இருந்தால் அந்த வேலை மந்தப்படும், சாரம் இரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். எண்ணெய்ச் சத்தோடு போனால் உள்ளே நுழைவதும் எளிது. அப்பா எதையெல்லாம் தேவையில்லை என்று எடுத்துப்போட்டாரோ அதுதான் மருந்தை உள்ளே கொண்டுபோகிற வண்டி. அவர் வண்டியைக் கழற்றிவிட்டுச் சரக்கை மட்டும் தெருவில் இறக்கி வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று ஊருக்கு வரும்போதெல்லாம் நினைப்பேன். காட்டவில்லை. சரிதானப்பா என்று அன்றைக்குத் தலையாட்டியவள் நான்தானே.

அதனால்தான் நீ மருந்தியல் படித்து, ஹைதராபாத்தில் வேலைக்குப் போய், மஞ்சளின் சாரத்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புத் துளிகளுக்குள் பொதிந்து வயிறு தாண்டவைக்கிறேன் என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகும் வேண்டாம், வயிறும் எரியாது என்றாய். இரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, கோடு போட்ட படத்தைப் போனில் அனுப்பினாய். அப்பா இருந்திருந்தால் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுழுக்கக் காட்டியிருப்பார் என்று நினைத்தேன். நீ மாத்திரையைக் கையில் தந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன். செய்தித்தாளின் மேல் உட்கார்ந்து, காதருகே ஆட்டிப் பார்க்கிற முகம். அந்த முகத்துக்கு முன்னால் என்னால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கேள்வி கேட்ட நான் அவள் பேசிய அதே வார்த்தையைச் சொன்னேன். கொறஞ்சிருக்கு.

பொய்யைச் சொல்வதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதைக் காப்பாற்ற நான் செய்ததையெல்லாம் நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ வீடியோவில் கூப்பிடும் நேரம் தெரியும் என்பதால் முன்கூட்டியே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அதில் நான் எழுந்திருப்பதை நீ ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்திருந்த நாட்களில் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி ஒளித்துவைத்துப் போட்டேன். கோயில் பிரகாரத்தை உன்னோடு சுற்றி வந்தேனே, அது அந்த மாத்திரையின் தயவு. நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் மலைக்கோயில் என்று முடிவு செய்தாய். உன் அப்பாவுக்கு எல்லாம் தெரியும். "அவன்ட்ட சொல்லிரு, இல்லன்னா நான் சொல்லுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சத்தியம் வாங்கி அவர் வாயை அடைத்துவைத்திருந்தேன்.

இன்று காலை காபி டம்ளரை எடுக்கப்போனேன். விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் வெந்நீரில் கையை வைத்திருந்த பிறகுதான் இந்தப் பேனாவைப் பிடிக்க முடிந்தது. படித்துறையில் ஊன்றிய அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாளை காலை உன் அப்பா என்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறார். இந்த முறை தாமதமாக வந்தீர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

உன் மருந்து உதவாது என்று நான் சொல்லவில்லை மக்கா. எனக்கு அது தெரியாது. நீ அளந்தது சாரம் இரத்தத்தில் சேர்கிறதா என்பதை. சேர்ந்திருக்கும், நான் நம்புகிறேன். ஆனால் சேர்வது வேறு, வலி தீர்வது வேறு. உன் தாத்தா முதல் படியிலேயே தடுக்கினார். நீ அந்தப் படியைத் தாண்டிவிட்டாய், அடுத்த படியைப் பார்க்காமல் மேலே போய்விட்டோம் என்று நினைக்கிறாய். அப்படி நினைக்கவைத்தவள் நான். உன்னைப் பெற்றவளிடம் கேட்காதே, கட்டிக்கொள்ளப்போகிறவளிடமும் கேட்காதே. உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற யாரிடமும் கேட்காதே. உன்னை யாரென்றே தெரியாதவர்களிடம், தான் விழுங்குவது மருந்தா வெறும் மாவா என்று தெரியாதவர்களிடம் கேள். இதெல்லாம் உனக்குப் பாடத்தில் உண்டு, எனக்குத் தெரியும். இருந்தும் அம்மா சொன்னாள் என்றதும் பாடத்தை மறந்துவிட்டாயே. என்னை வைத்து யார் யாரிடம் பேசினாயோ அவர்கள் எல்லாரிடமும் இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சுண்ணாம்பு டாக்டருக்கு அது பழக்கம்தான்.

கல்யாண இடத்தை மாற்றச் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், இப்போது மாற்ற வேண்டாம் என்று தோன்றுகிறது. அந்தப் பெண்ணுக்கு அந்த மலை பிடித்திருக்கிறது. நீங்கள் ஏறிப்போய்த் தாலி கட்டி வாருங்கள், நான் அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அத்தை என்னைப் பல்லாக்கு என்று கேலி பேசினால் பேசட்டும். மடியில் ஆரத்தித் தட்டு இருக்கும், மஞ்சள் மட்டும் கரைத்து வைத்திருப்பேன். நீங்கள் இரண்டு பேரும் இறங்கி வந்து எதிரில் நின்ற பிறகுதான் சுண்ணாம்பைப் போடுவேன். தட்டு சிவக்கும்போது, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் ஒரு தடவை கேள், "வலிக்குதாம்மா?" என்று. வலிக்குது மக்கா என்று சொல்வேன். அதன் பிறகு நீ கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். எழுந்து நின்றால்தானே ஆரத்தி எடுக்க முடியும்.

உன் அம்மா